பழைய காரில் பெட்ரோல் மெதுவாக இறங்குகிறதா? டேங்க் மூச்சுவிடும் வழியைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பங்க்கில் நாசிலைச் செருகி அழுத்திய மூன்றாவது நொடியே ‘டக்’ என்று நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி ‘டக்’. விரலால் பாதி அழுத்திப் பிடித்து 20 லிட்டர் நிரப்புவதற்குள் பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடும். சில கார்களில் நுரை பொங்கிக் கழுத்து (நிரப்பும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் குழாய்) வழியே ஃபெண்டர் பெயின்ட் மேல் வழிகிறது. வேறு சில கார்களில் நிரப்புவதில் தொல்லையே இல்லை. ஆனால் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் இழுத்து இழுத்து நின்றுபோகிறது. மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகிறது. அதன் பிறகு எதுவும் நடக்காததுபோல் வண்டி கிளம்புகிறது.

இரண்டுமே டேங்க் மூச்சுவிடுவதில் வரும் கோளாறுதான். இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. நிரப்பும்போது டேங்க் விடுவது பெருமூச்சு, ஓடும்போது இழுப்பது சிறுமூச்சு. பங்க் பம்பு நிமிடத்துக்கு 35 லிட்டர் தள்ளினால், அதே 35 லிட்டர் காற்றும் ஆவியும் அந்த நிமிடத்துக்குள் டேங்கைவிட்டு வெளியேறியாக வேண்டும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது குடிப்பது மணிக்கு 5 லிட்டர். அந்த இடத்தை நிரப்ப உள்ளே வரவேண்டிய காற்று, நிரப்பும்போது வெளியேறுவதில் நானூறில் ஒரு பங்குதான். இதற்கு ஒரு மில்லிமீட்டர் துளை போதும். பெருமூச்சுக்கு 12 மி.மீ.க்குக் குறையாத குழாய் வேண்டும்.

இந்த வித்தியாசம் பிடிபடாமல்தான் பலர் மூடியை மாற்றிவிட்டு, நிரப்பும் கோளாறு ஏன் தீரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நாசிலைச் செருக மூடியைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? பெட்ரோல் மெதுவாக இறங்குவதற்கு மூடி காரணமாக இருக்கவே முடியாது.

நாசில் ஏன் தானாக நிற்கிறது

பங்க் நாசிலின் மூக்கை உற்றுப் பாருங்கள். நுனிக்குச் சற்று உள்ளே, பக்கவாட்டில், சின்னத் துளை ஒன்று இருக்கும். பெட்ரோல் ஓடும் வேகத்தில் நாசிலுக்குள் ஓர் உறிஞ்சல் உண்டாகி, அந்தத் துளை வழியே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோலோ நுரையோ துளையை மூடியதும் உறிஞ்சல் ஏறி, உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விசையை விடுவித்துவிடும். டேங்க் நிரம்பியதா இல்லையா என்பது நாசிலுக்குத் தெரியாது. கழுத்துக் குழாயில் பெட்ரோல் அந்தத் துளைவரை ஏறியதா என்பது மட்டுமே தெரியும்.

காற்று வெளியேற வழியில்லாவிட்டால் டேங்கில் அழுத்தம் கூடும். அதைத் தள்ளிக்கொண்டு இறங்க, கழுத்தில் பெட்ரோல் உயரமாக நிற்க வேண்டியிருக்கும். ஒரு கணக்குப் பாருங்கள்: 60 செ.மீ. நீளமும் 12 மி.மீ. உள்விட்டமும் கொண்ட வென்ட் குழாயில் (டேங்கின் காற்று வெளியேறும் குழாய்) நிமிடத்துக்கு 35 லிட்டர் காற்று போனால், அதற்கான தடை ஏறக்குறைய ஒரு செ.மீ. உயர பெட்ரோலின் எடைக்குச் சமம். அதே குழாய் 6 மி.மீ. ஆகிவிட்டால் அது 15 செ.மீ.க்குப் போய்விடும். பாதி விட்டம், பதினைந்து மடங்கு தடை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, ஆகவே நிஜத்தில் இன்னும் மோசம். கழுத்தில் 15 செ.மீ. பெட்ரோல் நின்றால் நாசிலின் துளை முழுகாமல் என்ன செய்யும்? வென்ட் குழாய்க்குள் படிந்த துருவும் உப்பிய ரப்பரும் பார்வைக்குக் கொஞ்சம்தான். ஆனால் அவை விட்டத்தைப் பாதியாக்கிவிட்டால் போதும்.

உங்கள் காரில் எந்த அமைப்பு?

கையில் ஸ்பேனர் எடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1960கள் வரையான கார்களில் பெரும்பாலும் எளிய ஏற்பாடுதான். சிறுமூச்சுக்கு மூடியில் ஒரு துளை அல்லது டேங்கின் மேலிருந்து வெளியே போகும் மெல்லிய குழாய். பெருமூச்சுக்குக் கழுத்தை ஒட்டியே ஏறும் ஒரு தனிக் குழாய், அல்லது கழுத்தே அகலமாக இருந்து ஒரு பக்கம் பெட்ரோல் இறங்க, மறுபக்கம் காற்று ஏறும்.

பெட்ரோல் ஆவி வெளியேறக் கூடாது என்ற விதி கலிஃபோர்னியாவில் 1970 மாடல்களுக்கும், அமெரிக்கா முழுவதும் 1971 மாடல்களுக்கும் வந்தது. அதிலிருந்து மூடி அடைப்பு மூடியானது. ஆவியைப் பிடித்துவைக்கக் கரி டப்பா வந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் டேங்கிலிருந்து ஒரு குழாய் டிக்கியில் உள்ள, ஆவியிலிருந்து திரவத்தைப் பிரிக்கும் சிறிய டப்பாவுக்குப் போய், அங்கிருந்து முன்பக்கக் கரி டப்பாவுக்குப் போகும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் நிரப்பும் வாய் 1968 மாடலிலிருந்து முன்பக்க வலது ஓரத்துக்கு மாறியது. பின்னர் வந்த கரி டப்பா பின்புற வலது ஃபெண்டருக்குள் இருக்கும். முன்னால் இருக்கும் டேங்கிலிருந்து பின்னால் இருக்கும் டப்பாவரை ஆவிக்குழாய் வண்டியின் நீளம் முழுக்க ஓடுகிறது. எங்கே மடிந்தாலும் மூச்சு முட்டும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு வென்ட் இணைப்பு தளர்ந்தாலும் ஆவி நேரே ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வரும்.

அடைப்பு மூடி இருக்க வேண்டிய காரில் துளை மூடி போட்டால் தொல்லை பெட்ரோல் வாடையோடு நின்றுவிடும். துளை மூடி இருக்க வேண்டிய காரில் அடைப்பு மூடி போட்டால் டேங்கே நசுங்கும். 60க்கு 40 செ.மீ. பரப்புள்ள தகட்டின் மீது 0.05 பார் அழுத்த வித்தியாசம் வந்தாலே ஏறக்குறைய 120 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமம். பழைய டேங்க்குகளின் அடித்தகடு உள்வாங்கியிருப்பதைப் பார்த்து ‘கல் பட்டிருக்கும்’ என்பார்கள். சிராய்ப்பில்லாமல் வழவழப்பாக உள்வாங்கியிருந்தால் அது கல்லின் வேலை அல்ல.

வேலைக்கு முன்

பெட்ரோல் ஆவி தரையோடு தவழும். அதனால் இந்த வேலையைக் குழிக்குள்ளோ மூடிய ஷெட்டுக்குள்ளோ செய்யவே கூடாது. திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒயர் போட்டுத் தொங்கவிடும் பல்பு வேண்டாம். டார்ச் கொண்டுவந்தால் எட்டத்திலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். உலர் பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோலை இறக்கக் கைப்பம்பு வாங்குங்கள். வாயால் உறிஞ்சினால் பெட்ரோல் நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்து.

காலி டேங்க் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். அதன்மேல் வெல்டிங், பற்றவைப்பு எதையும் வீட்டில் முயலாதீர்கள். கம்ப்ரசர் காற்றையும் டேங்குக்குள் விடாதீர்கள். அடைபட்ட டேங்க் சில நொடிகளில் உப்பித் தையல் பிரிந்துவிடும்.

முதல் கட்டம்: எந்த மூச்சு அடைபட்டிருக்கிறது?

1. டேங்க் கால் பங்கு இருக்கும்போது பங்க்குக்குப் போங்கள். நிரப்புபவரிடம், “அண்ணே, முதல்ல மெதுவா விடுங்க” என்று கேட்டுக்கொண்டு, எத்தனை லிட்டரில் ‘டக்’ என்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே நின்றால் கழுத்திலோ வென்ட்டிலோ அடைப்பு. முக்கால் டேங்க்வரை நன்றாக இறங்கிப் பிறகு அடம்பிடித்தால், வென்ட் குழாயின் உள்நுனி டேங்குக்குள் தாழ்வாக இருக்கிறது. பெட்ரோல் அதை முன்கூட்டியே முழுகடித்துவிடுகிறது. அச்சு அசலாகத் தெரியும் புது மாற்று டேங்க்குகளில் இந்தக் குறை அடிக்கடி வருகிறது.

2. வேறு பங்க்கிலும் ஒருமுறை பாருங்கள். சில நாசில்களே அளவுக்கு மீறி உணர்வுள்ளவை. நாசிலைத் தலைகீழாக, கைப்பிடி மேலே வரும்படி திருப்பிப் பிடித்தால் நன்றாக இறங்குகிறதா? அப்படியானால் பெட்ரோல் கழுத்தின் வளைவில் மோதித் திரும்பித் துளையை நனைக்கிறது என்று அர்த்தம். சிக்கல் கழுத்தின் கோணத்தில் இருக்கிறது, வென்ட்டில் அல்ல.

3. அடுத்து ஓட்டச் சோதனை. 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். மூடியைச் சுற்றி ஒரு கோடு சோப்புத் தண்ணீர் தடவி, மூடியைக் கால் சுற்று மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். சோப்பு உள்ளே இழுபட்டால் சிறுமூச்சு அடைபட்டிருக்கிறது. குமிழி விட்டால் உள்ளே அழுத்தம்; வெயிலில் நின்ற காரில் கொஞ்சம் குமிழி சகஜம்தான்.

4. வெயிலில் வண்டி நின்றுபோனால் உடனே ‘வேப்பர் லாக்’ (சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பது) என்று முடிவுகட்டிவிடுகிறோம். மூடியைத் திறந்த மறுநிமிடமே வண்டி கிளம்பினால் டேங்க் வென்ட். மூடியைத் திறந்தும் கிளம்பாமல், பம்பு மீது ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் ஆறிய பிறகே கிளம்பினால் வேப்பர் லாக். இரண்டுக்கும் சேராவிட்டால் டேங்கின் அடி வடிகட்டியில் துருவைத் தேடுங்கள்.

இரண்டாம் கட்டம்: மூடி

துளை மூடியின் உட்புற வாஷரை எடுத்தால் அடியில் சின்ன வழி தெரியும். மெழுகும் தூசியும் சேர்ந்து அதை அடைத்திருக்கும். பெட்ரோலில் ஊறவைத்து மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். பெரிதாக்க டிரில் போடாதீர்கள்; வளைவில் திரும்பும்போது டேங்க் ததும்பி அந்த வழியே வெளியே தெறிக்கும். சில அடைப்பு மூடிகளில், காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு இருக்கும். அப்படிப்பட்ட மூடியைக் கழுவிக் காயவைத்து, 50 மி.லி. சிரிஞ்சில் ரப்பர் குழாய் மாட்டி, டேங்குக்குள் இருக்கும் பக்கத்திலிருந்து இழுத்துப் பாருங்கள். லேசான இழுப்பிலேயே காற்று வர வேண்டும். சிரிஞ்ச் பிஸ்டன் திரும்பத் திரும்பப் பின்னுக்கு ஓடினால் வால்வு ஒட்டிக்கொண்டது. அதைச் சீர்செய்ய முயல்வதில் நேரம் வீண், சரியான மூடி வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் கட்டம்: கழுத்தும் ரப்பர் ஹோஸும்

நிரப்பும் வாய் உடலோடு பொருந்தியிருக்கும், டேங்க் தனியே. இரண்டையும் இணைப்பது பெரும்பாலும் 50 மி.மீ. வாக்கிலான தடித்த ரப்பர் ஹோஸ். வெளியே பளபளப்பாக இருக்கும் இந்த ஹோஸ்தான் ஆளை ஏமாற்றும். உள்ளே ஒரு படலம் தனியாகப் பிரிந்து, கதவுபோல் தொங்கிக்கொண்டிருக்கும். பெட்ரோல் வேகமாக வந்தால் படலம் விரிந்து வழியை மூடும். மெதுவாக வந்தால் ஒதுங்கி நிற்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாது. கழற்றி, விரலை விட்டு உட்சுவரைத் தடவிப் பாருங்கள். தோல் உரிவதுபோல் ரப்பர் நகர்ந்தால் ஹோஸின் ஆயுள் முடிந்தது. இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கும் இந்தக் காலத்தில், பழைய ரப்பர் கலவைகள் முன்னைவிடச் சீக்கிரம் இப்படி ஆகின்றன.

மாற்றும்போது பெட்ரோலுக்கான ஹோஸ்தான் வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ் அளவு சரியாக இருக்கிறதே என்று போட்டுவிடுவார்கள். அந்த ரப்பர் பெட்ரோலில் உப்பி, உள்விட்டம் சுருங்கி, சில மாதங்களில் கூழாகிவிடும். சிலிக்கான் ஹோஸும் வேண்டாம், ஆவி அதனூடே கசியும். மெல்லிய வென்ட் ஹோஸ்களுக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டது கிடைத்தால் எத்தனாலுக்கும் தாங்கும்.

குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, அதுவே ஹோஸின் உள்விட்டமாக வரும்படி வாங்குங்கள். இருபுறமும் குறைந்தது 20 மி.மீ. ஏற வேண்டும். கிரீஸ் தடவாதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். மெல்லிய ஹோஸ்களுக்குப் பல்வெட்டு உள்ள கிளாம்ப் ரப்பரை அறுக்கும். முழுவட்டமாகப் பிடிக்கும் வழவழப்பான கிளாம்ப் போடுங்கள்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். ரப்பர் ஹோஸ் கழுத்தை டேங்கிலிருந்து மின்சார ரீதியாகத் துண்டித்துவிடுகிறது. பெட்ரோல் வேகமாக ஓடும்போது உண்டாகும் நிலை மின்சாரம் இறங்க வழி வேண்டும். மல்டிமீட்டரை வைத்துக் கழுத்துக்கும் பாடிக்கும், டேங்குக்கும் பாடிக்கும் இடையே தடை பாருங்கள். ஓரிரு ஓமுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் எர்த் ஒயர் ஒன்று போடுங்கள்.

நான்காம் கட்டம்: வென்ட் குழாய்

பெரும்பாலான கோளாறு இங்கேதான் இருக்கிறது. இரு முனையையும் கழற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து மறுமுனையில் கையை வையுங்கள். தடையில்லாமல் வர வேண்டும். வராவிட்டால் மூன்று இடத்தில் தேடுங்கள்.

முதலில் திறந்த நுனி. ஆறு மாதம் அசையாமல் நின்ற காரென்றால் குளவி மண்ணை உருட்டிக் கொண்டுவந்து கூடு கட்டியிருக்கும். சிலந்தி வலை ஒரு பொருட்டா என்று நினைக்க வேண்டாம். 2011இல் மஸ்தா நிறுவனம் ஆயிரக்கணக்கான மஸ்தா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்கு வென்ட் குழாயில் வலை பின்னிய சிலந்தியே காரணம். நுனியில் மெல்லிய பித்தளை வலை ஒன்றைக் கட்டினால் போதும்.

அடுத்து, தாழ்ந்த இடம். ஹோஸ் எங்காவது தொட்டில்போல் தொங்கினால் ஆவி குளிர்ந்து அதில் திரவமாகத் தேங்கும். 10 செ.மீ. ஆழத் தொட்டிலில் நின்ற பெட்ரோல், காற்றுக்கு 10 செ.மீ. தடை. பம்பு அடித்தால் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்கும். புது ஹோஸ் போடும்போது டேங்கிலிருந்து ஒரே ஏற்றமாக, நிரப்பும் வாயின் மட்டத்துக்கும் மேலே கொண்டுபோய், அங்கிருந்து இறக்குங்கள்.

மூன்றாவது, இரும்புக் குழாயின் உள்துரு. சைக்கிள் பிரேக் ஒயரின் நுனியைச் சற்றே பிரித்துவிட்டு, பெட்ரோலில் நனைத்து, சுற்றிச் சுற்றி உள்ளே விட்டு இழுங்கள். துரு டேங்குக்குள் விழாதபடி டேங்க் பக்கம் துணி அடைத்துக்கொள்ளுங்கள்.

துருப்பிடித்த டேங்குக்கு உட்பூச்சு போட்டவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பூச்சை ஊற்றி டேங்கைப் புரட்டும்போது அது வென்ட் குழாய்க்குள்ளும் போய் அங்கேயே கல்லாகிவிடும். பூசிய மறுநாளிலிருந்து நிரப்புவது தகராறு என்றால் காரணம் தேட வேண்டியதே இல்லை. பூச்சுப் போடும் முன் வென்ட் குழாயில் மெழுகு தடவிய கம்பியைச் செருகி, பூச்சு இறுகும் முன் உருவிவிட வேண்டும். இறுகியபின் நீட்டு டிரில் பிட்டைக் கையாலேயே திருகித்தான் எடுக்க முடியும். மின் டிரில் கூடாது.

கரி டப்பா உள்ள கார்கள்

டேங்க் பக்கக் குழாயில் காற்றடித்தால் டப்பாவின் அடியில் வர வேண்டும். தூக்கிப் பார்த்தால் பாரமாக, ஆட்டினால் தண்ணீர்போல் குலுங்கினால், டேங்கை வாய்வரை நிரப்பி நிரப்பித் திரவப் பெட்ரோல் ஏறி ஊறிப்போயிருக்கிறது. மாற்றத்தான் வேண்டும். இதைவிட மோசம், ‘தேவையில்லாத சாமான்’ என்று டப்பாவைக் கழற்றிவிட்டு டேங்க் குழாயைப் போல்ட் வைத்து அடைத்துவிடுவது. மூடியும் அடைப்பு மூடி, குழாயும் அடைப்பு என்றால் டேங்க் எப்படி மூச்சுவிடும்?

அமெரிக்க எம்ஜிபியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 1970களின் தொடக்க டேங்க்குகளுக்குள் நுண்துளைகள் கொண்ட சிறு அறை ஒன்று இருக்கிறது. பெட்ரோல் அதற்குள் மெல்லத்தான் நுழையும். அதனால் வாய்வரை நிரப்பினாலும் விரிய இடம் மிஞ்சும். நிரப்பிய சற்று நேரத்தில் மட்டம் தானாக இறங்குவதைக் கோளாறு என்று எண்ணி டேங்கை வெட்டிப் பார்க்க வேண்டாம்.

பெரிய வென்ட்டே இல்லாத டேங்க்

மாற்று டேங்கில் அந்தக் குழாயையே விட்டிருந்தால் டேங்கைத் தொடாமல் ஒரு வழி இருக்கிறது. ஃப்ளோட் யூனிட்டை (பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை) கழற்றி, டேங்கிலிருந்து தள்ளி எடுத்துவந்து, அதன் மேல்தகட்டில் துளையிட்டு, 12 மி.மீ. உள்வழி உள்ள பித்தளை இணைப்பை நட்டு-வாஷரோடு பொருத்துங்கள். ஃப்ளோட் யூனிட் டேங்கின் உச்சியில் இருந்தால்தான் இது பலிக்கும். பக்கவாட்டில் இருந்தால் வேண்டாம். கழுத்துக் குழாயைக் கழற்றி நன்கு கழுவி, ரேடியேட்டர் பட்டறையில் வாயிலிருந்து 4 செ.மீ. கீழே ஒரு கிளைக் குழாய் பித்தளைப் பற்று வைக்கச் சொல்லுங்கள். நாசிலின் நுனி அதற்குக் கீழே போய்விடும். எனவே திரும்பிவரும் நுரை துளையை நனைக்காது. இரண்டையும் ஒரே ஏற்றமான ஹோஸால் இணையுங்கள்.

சரிபார்ப்பு

எல்லாம் மாட்டியபின் பங்க்குக்கு ஓட வேண்டாம். அகல வாய்ப் புனலில் 5 லிட்டரை ஊற்றுங்கள். 15 நொடிக்குள், ‘குபுக் குபுக்’ என்று விக்காமல் இறங்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்த்துவிட்டு, பிறகு பங்க்கில் முழு வேகத்தில் நிரப்புங்கள். முதல் ‘டக்’கோடு நிறுத்திவிடுங்கள். நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் வெயிலில் 20 டிகிரி சூடேறினால் 40 லிட்டர் டேங்கில் முக்கால் லிட்டர் விரியும். அது போக இடம் வேண்டும்.

நிரப்பிய காரைச் சரிவில், நிரப்பும் வாய் தாழ்ந்த பக்கமாக வரும்படி ஒரு மணி நேரம் நிறுத்தி அடியில் பாருங்கள். பின் 30 கிலோமீட்டர் ஓட்டி, அதே சோப்புத் தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இரவு டிக்கியையும் கண்ணாடிகளையும் மூடி வைத்துவிட்டு, காலையில் கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் வாடை அடித்தால், டேங்கின் மேற்புற இணைப்பு ஒன்று இன்னும் சரியாக உட்காரவில்லை. ஃப்ளோட் யூனிட்டின் கேஸ்கெட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்.